இரண்டு படமும் என் வலது கைதான்

அஸ்வினி, வயது 23, த/பெ ஜெகதீசன், ஏரிக்கரைத் தெரு, திண்டிவனம் என்ற விலாசத்தில் குடியிருக்கும் நான், விழுப்புரம் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் கிருஷ்ணவேணி அவர்கள் விசாரித்தபோது சொன்னதாவது:

மேற்படி விலாசத்தில் பெற்றோருடனும் தங்கை சித்ராவுடனும் வசிக்கிறேன். அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கிறார். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். சிறு வயதிலிருந்தே என் மூட்டுகள் அளவுக்கு மேல் வளையும். கையை நீட்டினால் முழங்கை நேராக நிற்காமல் பின்பக்கம் போகும், அப்போது முன்கை வெளிப்பக்கமும் சாயும். பள்ளியில் கேலி செய்ததால் எப்போதும் முழுக்கை சட்டைதான் போடுவேன். இன்று அரைக்கை போட்டு வந்திருக்கிறேன்.

சீருடைப் பணிக்கான எழுத்துத் தேர்விலும் ஓட்டத்திலும் தேர்ச்சி பெற்றேன். அதன் பிறகு மருத்துவத் தேர்வுக்காக விழுப்புரத்தில் வலது முழங்கைக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். கூட்டமாக இருந்தது. எடுத்தவர் "நல்லா நீட்டு, இன்னும் நீட்டு" என்றார். இன்னும் என்றதால் போகிற வரைக்கும் நீட்டினேன். அதன் பிறகு, முன்கை வெளிப்பக்கம் அதிகமாகச் சாய்ந்திருக்கிறது, அதனால் தகுதியில்லை என்றார்கள்.

மேல்முறையீட்டுக்குப் புதுப் படம் வேண்டும் என்றதால் திண்டிவனத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் ஷமீம் அக்கா என் கையைப் பார்த்து, "அய்ய, இப்டி அமுக்காதம்மா, மூட்டு பின்னால போயிக்கினே இருக்குது. நேரா வந்ததும் நிறுத்து" என்று சொல்லி எடுத்தார். அந்தப் படத்தில் சாய்வு குறைவாக வந்தது. அதை மேல்முறையீட்டோடு கொடுத்தேன்.

அதன் பிறகு தேர்வு அலுவலகத்தில் இருக்கும் தென்னரசு என்பவர் இரண்டு படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்து, இது ஒரே ஆளின் கை இல்லை, என் சாயலில் இருக்கும் தங்கையை அனுப்பி எடுத்திருக்கிறேன் என்று புகார் கொடுத்திருக்கிறார்.

இன்று காலை நானும் தங்கையும் நிலையத்துக்கு வந்தோம். தலைமைக் காவலர் குமரேசன், "பேஜாரு பண்ணாதம்மா. தங்கச்சிய அனுப்பினேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டு ஜல்தியா பஸ் ஏறு. வயசுப் பொண்ணு, கேசு இல்லாம பாத்துக்கலாம்" என்றார். எழுதித் தர மாட்டேன் என்றேன். பெஞ்சில் இருந்த தங்கை, "அக்கா கை ரப்பரு சார், என் கை கட்டை. நான் போறதா இருந்தா மொத தடவையே போயிருக்க மாட்டனா?" என்றாள்.

அதன் பிறகு நான் உதவி ஆய்வாளரின் மேசை மேல் கையை வைத்து, விழுப்புரத்தில் நீட்டியது போல நீட்டினேன். பிறகு திண்டிவனத்தில் வைத்தது போல வைத்தேன். "இன்னொரு வாட்டி பண்ணு" என்றார். பண்ணினேன்.

எந்தப் படத்தின் அளவை எடுத்துக்கொள்வது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். இரண்டும் என் கை என்பதை நான் சொல்கிறேன். காவலர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, என் கையை ஒரே நாளில் இரண்டு விதமாகவும் வைத்துப் படம் எடுங்கள். தங்கையின் கையையும் எடுங்கள். வேலை கிடைக்காமல் போனால் போகட்டும். செய்யாததைச் செய்தேன் என்று எழுத மாட்டேன்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் "தெரியாமல் செய்துவிட்டேன்" என்று இருந்தது. அதைக் கோடு போட்டு அடிக்கச் சொன்னேன், அடித்தார்கள். மீதி எல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, உண்மை. இரண்டு படத்திலும் இருக்கும் அதே கையால் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஜெ. அஸ்வினி