கரையை விக்கிற கடதாசி

உதயரூபன்: ...அதில்ல மச்சாள், நான் சொல்றத முழுக்கக் கேளுங்க...

பிரஷாந்தி: கேட்டுக்கொண்டுதானே கிழிஞ்ச வலை பொத்துறன். சொல்லுங்க.

உதயரூபன்: பின்னேரம் கோயில் மண்டபத்துக் கூட்டம்... அடுத்த கிழமைக்குத் தள்ளேலாதா?

பிரஷாந்தி: வெள்ளிக்கிழமையோட கொழும்புக் கம்பனி பங்கு வாங்குற தவணை முடியுது. மறுகா கூடி என்ன, கச்சான் கொறிக்கவா?

உதயரூபன்: சரி, கூடுவம். எல்லாரும் பங்குக் கடதாசியத் தூக்கிட்டு வரணுமெண்டது ஏன்? வாயால சொன்னாக் காணாதா?

பிரஷாந்தி: வாயால சொல்லித்தானே போன மாசம் அம்மனுக்கு முன்னால நாப்பது ஆம்பிளையளும் கற்பூரம் அணைச்சீங்க. "உயிர் போனாலும் விக்க மாட்டம்" எண்டு. உங்கட குரல்தான் உச்சத்தில கேட்டது.

உதயரூபன்: அண்டைக்கு... எனக்குத் தொண்டை கட்டியிருந்த.

பிரஷாந்தி: கட்டினதுக்கே அவ்வளவு சத்தமா!

உதயரூபன்: பகிடிய விடுங்க மச்சாள். இந்த மணல் தேடுற சின்னக் கம்பனி வந்து மூணு வருஷம். கரை முழுக்க ஓட்டை போட்டதுதான் மிச்சம், ஒரு சாக்கு இல்மனைற்று மணலும் விக்கல்ல. துளைக்க விட்டதுக்காக வீட்டுக்கு வீடு சும்மா தந்த பங்கு. இப்ப கொழும்புப் பெரிய கம்பனி அதை விழுங்க வந்து, பங்குக்கு அறுபது ரூவா தாறனெண்டு நிக்கிறான். வித்தாக் குடி முழுகிடுமா?

பிரஷாந்தி: முழுகும். நூறில தொண்ணூறு பங்கு அவன்ட கைக்குப் போனா மிச்சத்தையும் சட்டப்படி பிடுங்குவான். பிடுங்கிட்டுக் கரையைத் தோண்டுவான். கரைவலையை எங்க இழுக்கிற? உங்கட குசினிக்குள்ளயா?

உதயரூபன்: எங்கட நாப்பது வீட்டிலயும் சேத்து நூறில பதினொண்டு இரிக்கே. ஒரு பேச்சுக்குச் சொல்றன்... ஒரு வீடு வித்தாலும் பத்துக்குக் கீழ போகாது. மூணு வீடு வரைக்கும் தாங்கும். நாலாவதோடதான் கரை போகும்.

பிரஷாந்தி: அடேயப்பா! ஏழாம் வகுப்புக் கணக்கில பெயிலான மனிசனா இது? எந்த வீடு மச்சான் அந்த ஒரு வீடு?

உதயரூபன்: பேச்சுக்கெண்டுதானே சொன்னன்!

பிரஷாந்தி: ம்... தோணிக்கு இஞ்சின் போட்டிரிக்கீங்களாம்.

உதயரூபன்: பழசுதான். தம்பி கட்டாரில இருந்து காசு அனுப்பின.

பிரஷாந்தி: ஆரு, நிஷாந்தா? ரெண்டு மாசமா அவனுக்கு வேலையில்லையெண்டு அவன்ட பொண்டாட்டி நேத்து எனக்கிட்ட அழுதவளே.

உதயரூபன்: அது... அவன்... முந்தி அனுப்பின காசு...

பிரஷாந்தி: என்ன, திரும்பவும் தொண்டை கட்டிட்டா?

உதயரூபன்: மச்சாள்... என்ட பொண்டாட்டி தக்சிகாவுக்கு மட்டும் சொல்லிடாதீங்க. வித்துட்டன். ஓட்டமாவடி வியாபாரி ஷிஹானுக்கு. அம்பது ரூவாப்படி.

பிரஷாந்தி: கம்பனி அறுபது தரக்குள்ள அம்பதுக்கா?

உதயரூபன்: கம்பனிர படிவத்தில கிராம சேவகர் சாட்சிக் கையெழுத்து வைக்கணும். அவர் பேனையை மூடமுன்ன ஊருக்கே தெரிஞ்சிரும். ஷிஹான் வாய் திறக்காத மனிசன்.

பிரஷாந்தி: அப்ப பங்குக்குப் பத்து ரூவா வெக்கத்துக்குக் கழிச்சிரிக்கீங்க!

உதயரூபன்: சிரியாதீங்க மச்சாள். சத்தியத்தை மீறிட்டனெண்டு சோறு இறங்குதில்ல எனக்கு. ஒரு வீடுதானே, என்ன நடக்கப் போகுதெண்டு நினைச்சிட்டன்.

பிரஷாந்தி: வினாயகமூர்த்தியும் அப்பிடித்தான் நினைச்சவராம்.

உதயரூபன்: கோயில் நிருவாகம் பாக்கிற வண்ணக்கரா? கற்பூரத் தட்டைப் பிடிச்சதே அவர்தானே!

பிரஷாந்தி: பிடிச்ச கையாலதான் கையெழுத்தும் வைச்சவர். பாக்கியராசா வித்து மாடு வாங்கின. நல்லரத்தினம் பல்லுக் கட்டின.

உதயரூபன்: அதுதானா அவன் சும்மா சும்மா சிரிச்சுக்கொண்டு திரியிறான்! பொறுங்க... வண்ணக்கர் ஒண்டு, பாக்கியராசா ரெண்டு, நல்லரத்தினம் மூணு, நான்... ஐயோ!

பிரஷாந்தி: நாலோட நிக்கல்ல.

உதயரூபன்: எத்தின?

பிரஷாந்தி: முப்பத்தொம்பது.

உதயரூபன்: நாப்பதிலயா! விக்காத அந்த ஒரு உத்தமன் ஆரு?

பிரஷாந்தி: என்ட மனிசன். உத்தமமெல்லாம் இல்ல. கடதாசியை நான் அரிசி வாளிக்குள்ள ஒளிச்சிட்டன். ஒரு கிழமையாத் தேடிக்கொண்டு திரியிறார்.

உதயரூபன்: கரை போச்சே மச்சாள்! என்ட அப்பன் இழுத்த கரை... என்ட பிள்ளையள் எங்க போய் இழுக்கிற? என்ட கையாலயே குடுத்துட்டனே, மடையன்! ஷிஹான் இந்நேரம் எல்லாத்தையும் கொழும்பானுக்கு மாத்திரிப்பான். ஒழும்புங்க, ஓட்டமாவடிக்குப் போவம்!

பிரஷாந்தி: போய்?

உதயரூபன்: இஞ்சினை வித்து, அறுபதில்ல, எழுபது கேட்டாலும் குடுத்துத் திருப்பி வாங்குறன். கால்ல விழச் சொன்னாலும் விழுறன்!

பிரஷாந்தி: இரிங்க மச்சான். நெஞ்சு அடைச்சுச் செத்துக் கித்துப் போயிடாதீங்க. மூணு வருஷத்துக்கு முதல் பங்கு தரக்குள்ள கம்பனி வீட்டுச் சொந்தக்காரர் பேர் கேட்ட, ஞாபகமா?

உதயரூபன்: ஓம், எங்கட பேரைக் குடுத்தம்.

பிரஷாந்தி: இஞ்ச வீடும் வளவும் பொம்பிளையள்ர சீதனமெண்டு அந்தக் கம்பனிக்குத் தெரியா. தெரிஞ்ச நீங்களும் நெஞ்சை நிமித்திக்கொண்டு போய்க் கையெழுத்து வைச்சீங்க. அதால, நீங்க சத்தியம் பண்ணின அண்டு பின்னேரமே எங்கட மாதர் சங்கமும் கூடின.

உதயரூபன்: கூடி...? பொறுங்க. அப்ப எங்கட பங்கை வாங்க ஷிஹானுக்கு ஆரு காசு குடுத்த?

பிரஷாந்தி: முப்பத்தொம்பது பொண்டாட்டியளும்தான். தக்சிகா அட்டியலை ஈடு வைச்சு உங்கட பங்கை வாங்கினவ... இனி வீட்டைப்போலக் கரையும் அவட பேரில.