நம்பர் இல்லாத சரக்கு

இல்லக்கா, எதுவும் விக்க வரல. எழிலரசின்னா நீங்கதான? பார்சல்ல இருந்த அட்ரஸ வச்சி விசாரிச்சிகிட்டு வந்தேன். பேரு காயத்ரி, சிதம்பரத்துலேர்ந்து வரேன். கொரியர் இல்லக்கா, ஆபீஸ் ஆளு. ஆன்லைன்ல ஒரு மாவு பாக்கெட் வாங்குனீங்கல்ல, அத ஒரு தடவ பாக்கணும்.

தண்ணியெல்லாம் வேணாங்க. அந்த பாக்கெட்ட மட்டும் எடுத்துட்டு வாங்க.

இருங்க, சொல்றேன். கடக்காரங்க சரக்க நெட்ல ஏத்தி வுடறதுதான் எங்க வேல. ஒவ்வொண்ணுக்கும் பார்கோடு நம்பர் வேணும். சின்ன கம்பெனிங்க அத வாங்க மாட்டாங்க. நம்பர் இல்லன்னா லிஸ்ட்ல செவப்பா காட்டும், சரக்கு கடைக்குள்ளயே போவாது. எங்க ஓனரு அன்பரசு இருக்காரே, சாயங்காலத்துக்குள்ள ஒரு செவப்பு இருக்கக்கூடாதும்பாரு. ஒரு நாளைக்கு நானூறு வருதுக்கா! எப்பிடி முடியும்? பாதி வேல வூட்லேர்ந்துதான், சமையக்கட்டுல கெடக்கற எதாச்சும் பாக்கெட்ட எடுத்து, அதுல உள்ள நம்பர அடிச்சி வுட்ருவோம். பச்சையாயிடும். எல்லாரும் பண்றதுதான். அன்னிக்கி என் கையில கெடச்சது கூவக்கெழங்கு மாவு. எங்க அண்ணன் புள்ளைக்கி கூழு காச்ச வாங்குனது.

அந்த நம்பர அடிச்சா சரக்கும் அதுதான்னு சைட்டு நெனச்சிக்கும். பேரு, படம் எல்லாம் மாறிடும். குடோன்ல வெறும் வெள்ள பாக்கெட் மேல அந்த பேர்லயே ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிடுவாங்க. அவுங்களுக்கு என்னா தெரியும்?

மூணே பாக்கெட்டுதான்க்கா போயிருக்கு. காலையில கிள்ளைக்கி போனேன், அங்க பிரிக்கவே இல்ல. குறிஞ்சிப்பாடியில வாசன புடிக்கலன்னு கொட்டிட்டாங்களாம். உங்களுக்குத்தான் போனே போவல.

உள்ள என்னாவா? எறா குட்டையில தண்ணி சுத்தம் பண்ண கொட்டுவாங்கல்ல, அந்த பவுடரு. பாக்க மாவாட்டமே இருக்கும்.

கத்தாதீங்கக்கா. கொழந்த எங்க? இன்னிக்கும் குடுத்தீங்களா? தூக்குங்க மொதல்ல. வெளிய ஆட்டோ நிக்கிது, பெரியாஸ்பத்திரிக்கி போயிடலாம். அந்த பாக்கெட்டையும் எடுத்துக்குங்க, டாக்டரு கேப்பாரு. என்னிலேர்ந்து குடுக்கறீங்க?

திங்கக்கெழமையா...

எனக்கும் திங்கக்கெழமையே தெரியும்க்கா. ஓனரு மூச்சு வுடாதன்னாரு. மூணு நாளு நானும் வுடல.