ஐந்துக்கு ஐந்து

எனக்குப் படி ஏறுவது பிடிக்கும், ஐயா. ஐந்து மாடி என்றாலும் அலுக்காமல் ஏறுவேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு கம்பெனியின் இயக்குநர் குழு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று வெளியாளாக இருந்து பார்த்துச் சொல்வது என் தொழில். ஒவ்வொருவரிடமும் தனியே பேசுவேன். கேள்வித்தாள் கொடுத்து ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்பேன். ஒரு கூட்டத்தில் மூலையில் உட்கார்ந்து கவனிப்பேன். பிறகு அறிக்கை. யார் என்ன சொன்னார் என்பது என் வாயிலிருந்து வராது. இந்தக் கம்பெனியின் தலைவர் என் மனைவியின் அண்ணன் என்பது உண்மைதான். ஆனால் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தே இரண்டு வருடமாகிறது. இதைவிட நடுநிலையான ஆள் எங்கே கிடைப்பான்?

குழுவில் எட்டுப் பேர். ஏழு பேர் எல்லாக் கேள்விக்கும் ஐந்து போட்டிருந்தார்கள். ஒருவர் தாளின் பின்பக்கத்தில், யாரும் கேட்காமலே, இன்னொரு ஐந்து போட்டிருந்தார். எட்டாவது ஆள், ஓய்வுபெற்ற பொறியாளர் அம்மா. ‘ஆபத்துகளைக் குழு கவனிக்கிறதா?’ என்ற கேள்விக்கு ஒன்று போட்டிருந்தார்.

“ஏன் மேடம் ஒண்ணு?”

“பூஜ்யம் போட இடமில்ல சார். லிஃப்ட் கம்பி நைஞ்சு கிடக்கு. மூணு கூட்டத்துல சொல்லிட்டேன், காதுல போட்டுக்க ஆளில்ல. நீங்களே மேல போய்ப் பாருங்க.”

போய்ப் பார்த்தேன். இழைகள் பிரிந்து துடைப்பம் மாதிரி நின்றன. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. ஏழு பேர் பாடுபட்டுக் கொண்டுவந்த சராசரி, ஒருவரால் இறங்குகிறதே.

தலைவரிடம் போனில் சொன்னேன்.

“ஊரோட ஒத்து வாழத் தெரியாத ஆளு குழுவுக்கு எதுக்கு மாப்பிள்ளை? எழுதிக் குடுங்க, நான் பாத்துக்கறேன்” என்றார்.

குழுவின் ஒற்றுமைக்கு ஒருவர் இடையூறாக இருக்கிறார், மாற்றுவது நலம் என்று எழுதினேன். பெயரைச் சொல்லவில்லை. ‘கேள்வி கேட்கும் ஒரே பெண் உறுப்பினர்’ என்று மட்டும்தான் குறிப்பிட்டேன். லிஃப்டைப் பற்றி எழுதவில்லை. அது கட்டட விஷயம், நான் வந்தது குழுவை மதிப்பிட.

அந்த அம்மாவை அனுப்பிவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது படிக்கட்டில் எதிரே வந்தார்.

“நீங்களும் படியிலதான் வர்றீங்களா சார்?” என்றார்.

உடம்புக்கு நல்லது என்றேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை, ஐயா.

அடுத்த மதிப்பீட்டில் சராசரி சுளையாக ஐந்து. அறிக்கையை வாங்கிக்கொள்ளத்தான் ஏழு பேரும் அன்று ஒன்றாக லிஃப்டில் ஏறினார்கள்.

“வாங்க மாப்பிள்ளை, இடமிருக்கு” என்றார் தலைவர்.

நான் எல்லாரையும் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொன்னேன். கதவு சரியாக மூடவில்லை. வெளியே நின்று தள்ளி மூடியது நான்தான். லிஃப்ட் இரண்டாம் மாடி வரை போய்த் திரும்பி வந்தது, போனதைவிட வேகமாக. ஏழு பேருக்கும் சேர்த்து ஒன்பது கால்கள் முறிந்தன. உயிருக்கு ஒன்றுமில்லை. என் மனைவிதான் பேசுவதில்லை.

தெரிந்திருந்தும் ஏன் தடுக்கவில்லை என்கிறீர்கள். தடுத்திருந்தால் அந்த அம்மா சொன்னது சரி என்று ஆகியிருக்கும், என் அறிக்கை என்னாவது? நான் ஏன் ஏறவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. மதிப்பிடுகிறவன், மதிப்பிடப்படுகிறவர்களோடு ஒரே லிஃப்டில் போகக் கூடாது, ஐயா. நடுநிலை கெட்டுவிடும்.