நடுவுல இருந்த மூணு பைட்

பெட்டி அடுக்குறதுல எங்க வீட்ல என்னை மிஞ்ச ஆள் கிடையாது, சார். என் மனைவி ரெண்டு பெட்டியில திணிக்கிறதை நான் ஒண்ணுல வெச்சு மூடிடுவேன். காலி இடத்தைக் கண்டாலே எனக்கு ஆகாது.

வேலையும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில வலி மருந்து ஏத்துற பம்புக்கு சி மொழியில ப்ரோக்ராம் எழுதுறோம். திரைப் பக்கம் நான், மோட்டார் பக்கம் என் மச்சினன். கட்டில் எண்ணும் மருந்து அளவும் ஒரே கட்டா என்கிட்டேருந்து அவனுக்குப் போகும். எண்ணுக்கு ஒரு பைட் இடம், அளவுக்கு நாலு. அளவு ஒழுங்கான இடத்துல உட்காரணும்னு, நாம எழுதினதை மெஷினுக்கு மாத்திக் குடுக்குற கம்பைலர் நடுவுல மூணு பைட்டைச் சும்மா விட்டுடும். "மாமா, அதுல மட்டும் கை வெச்சிடாதீங்க, என் பக்கம் அதை நம்பித்தான் படிக்குது"ன்னு சொல்லியிருந்தான்.

ஒருநாள் மீட்டிங்ல, "மாமா எழுதினதா? அப்ப இன்னொரு தடவை பாத்துடுங்கப்பா"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வயிறு எரிஞ்சுது, சார். என்னைவிடச் சின்னவன்.

அந்த மூணு பைட்டை எடுத்துட்டேன். ஒரே ஒரு வரி. அவன் பக்கம் தப்பான இடத்துல படிக்கும், அளவு பூஜ்யம்னு பம்ப் நின்னுடும், டாக்டர்கள் முன்னாடி அவன் மூஞ்சி தொங்கிப்போகும்னு என் கணக்கு. யாருக்கும் தெரியாம சோதிச்சும் பாத்தேன். நின்னுச்சு.

நாங்க ரெண்டு பேரும் வார்டுக்குப் போய் நிஜமா ஓட்டின அன்னிக்கு நிக்கலை. என் கட்டு இப்ப குட்டை. அது எட்டாத இடத்துல முந்தின நோயாளியோட பழைய அளவு அழியாம கிடந்திருக்கு. ரெண்டும் ஒட்டிக்கிட்டுப் பெரிய அளவாயிடுச்சு.

கட்டில்ல ஒரு தையல்கார அம்மா. "தூங்கிட்டேன்னா எழுப்பி விடுவீங்கதானே தம்பி?"ன்னாங்க. "தாராளமா தூங்குங்கம்மா"ன்னேன். அவங்க எழுந்திரிக்கவே இல்லை. இப்பல்லாம் என் மனைவி கூப்பிட்டாக்கூட அந்தக் குரல்லதான் கேக்குது. பயமா இருக்கு, சார்.

அன்னிக்கே அந்த வரியைப் பழையபடி ஆக்கிட்டேன். ஓடினது மோட்டார், அதனால மச்சினனைப் பிடிச்சிட்டு வந்தீங்க. தம்பியை நினைச்சு என் மனைவி சாப்பிடாம கிடக்கா. அவனை விட்டுடுங்க.

அன்னிக்கு மோட்டார் வேகமா சுத்துற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நிறுத்துற பட்டன் கைக்கெட்டுற தூரம்தான். அவன் டீ குடிக்கப் போயிருந்தான். வரட்டும், வந்து அவனே கண்டுபிடிக்கட்டும்னு நின்னுக்கிட்டிருந்தேன். எல்லாத்தையும் நாமளே செஞ்சு குடுத்துட்டா, சின்னப் பசங்க எப்ப சார் கத்துக்குவாங்க?