பதினான்கு குறைகள்

காற்புள்ளி ஒன்று இடம் மாறியிருந்தால்கூட எனக்குச் சோறு இறங்காது சார். மருத்துவக் கருவி செய்யும் எங்கள் அலுவலகத்தில் என் பெயர் கொசுவலை. யார் எழுதிய நிரலானாலும் நான் படித்து, கீழே 'பார்த்தேன்' என்று போட்ட பிறகுதான் கருவிக்குள் போகும். பதினாறு வருஷமாக அதுதான் வழக்கம்.

போன வருஷம் குழுத் தலைவர் பதவி என் தங்கையின் கணவருக்குப் போனது. அவரை அங்கே சேர்த்துவிட்டவனே நான்தான். வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

அந்த மாதமே மாப்பிள்ளை மூச்சுக் கருவியை இயக்கும் நிரலை, நாங்கள் டிரைவர் என்போம், எழுதிக்கொண்டு வந்தார். "மச்சான், நீங்க பாத்துட்டீங்கன்னா எனக்கு நிம்மதி" என்றார்.

ஒவ்வொரு மூச்சை அளக்கும்போதும் அந்த டிரைவர் நினைவகத்தில் கொஞ்சம் இடம் வாங்கும். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அளவு பிசகிய மூச்சுகளுக்கு மட்டும் திருப்பிக் கொடுக்க மறந்திருந்தார். இடமே கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்றும் எழுதவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிறுத்தாமல் ஓடினால் ஒன்பதாவது நாள் கருவி உறைந்துவிடும். எச்சரிக்கை மணி அடிக்க வேண்டியதும் அதே டிரைவர்தான்.

பதினான்கு குறைகள் எழுதினேன். எல்லாம் இடைவெளி, எழுத்துப்பிழை. நினைவகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர் திருத்தியதும் 'பார்த்தேன்' என்று போட்டேன். சோதனையிலேயே கருவி நின்றுவிடும், நாலு பேர் முன்னால் மூக்குடைபடட்டும் என்றுதான் நினைத்தேன். சோதனையோ மூன்றே நாளில் முடிந்தது. கருவிகள் மருத்துவமனைகளுக்குப் போயின. அடுத்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

பிறகு தங்கைக்கு நுரையீரலில் சளி கட்டி, அதே கருவியில் வைத்தார்கள். அவள்மேல் எனக்கு உயிர் சார். எட்டாம் நாள் மாலை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பேச முடியாமல் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதீங்க சார், நாளன்னைக்குக் குழாயை எடுத்துடலாம்" என்றார் நர்ஸ்.

வேறு கருவிக்கு மாற்ற இரண்டு நிமிடம் போதும். ஆனால் ஏன் என்று கேட்பார்களே. என்ன பதில் சொல்வது என்று யோசித்தபடியே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை பத்தேகாலுக்குத் திரையில் அலை பாதியில் நின்றது. மணி அடிக்கவில்லை. அடுத்த கட்டிலில் ஊசி போட்டுவிட்டு நர்ஸ் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. என் கணக்கு ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

மற்ற கருவிகளை இப்போது நிறுத்திவிட்டார்கள். அலுவலகத்தில் ஏசி சத்தம் ஓயும்போதெல்லாம் யாரோ என் சுண்டுவிரலை இறுக்குகிறார்கள். கையை மேசைக்கடியில் வைத்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை சாப்பிடுவதேயில்லை. தன் கையாலேயே கொன்றுவிட்டதாக அழுகிறார். நேற்று என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், உங்க கண்ணுக்கே தப்பிடுச்சுன்னா, யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாதுல்ல?" என்று கேட்டார்.

"முடியாது மாப்ள" என்றேன்.

பாவம், அவருக்கு ஆறுதல் சொல்ல என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?