லைன் ஆஃப் பண்ணியாச்சு

காலை ஐந்தே கால். விடுமுறை நாள். பல்கலைக்கழகத்தின் பின்பக்கச் சாலையில் ஒரே ஒரு சைக்கிள்... ஓட்டி வந்தவர் என் சிநேகிதியின் சித்தப்பா. அங்கே இருபத்தாறு வருடமாக எலெக்ட்ரீஷியன். அவர் சொல்ல அவள் கேட்டது; அவள் சொல்ல நான் கேட்டது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், ஒரு தரம்தான் சொல்வேன்.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அந்தச் சாலையில் புது விளக்குகள் போட்டிருந்தார்கள். ஆள் வந்தால் பளிச்சென்று எரியும். கடந்ததும் மங்கிவிடும். சித்தப்பாவின் தலைக்கு மேலே ஒன்று எரிந்தது. சரி. ஐம்பது அடி முன்னால் இன்னொன்றும் எரிந்தது... அடியில் யாரும் இல்லை. அவர் நின்றார். அது மங்கியது. மிதித்தார். அதற்கடுத்தது எரிந்தது.

"நாய் கீய் ஓடியிருக்கும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். கடைசி விளக்கு எரிந்தது, கேபிள் சுரங்கத்தின் மூடிக்கு நேர் மேலே.

அன்றைய வேலையும் அங்கேதான். பழைய கேபிள் சூடாகி மின்சாரத்தை வீணாக்குகிறது என்று புதியது போட்டாகிவிட்டது. பழைய பெட்டியைத் திறந்து ஒயர்களைக் கழற்ற வேண்டும். சூப்பர்வைசர் சித்தப்பாவோடு ஒன்றாகத் தொழில் படித்தவர். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். வாக்கி-டாக்கியில் அவர் குரல் வந்தது.

"லைன் ஆஃப் பண்ணியாச்சுடா. தைரியமா இறங்கு."

டெஸ்டர் பையில்தான் இருந்தது. சிநேகிதனே சொன்ன பிறகு அதை எடுக்கத் தோன்றவில்லை.

பதினொரு படி ஏணி. ஈர சிமென்ட் வாசனை. சொட்... சொட்... என்று எங்கோ தண்ணீர். கூடவே முடி கருகினாற்போல ஒரு நாற்றம். பெட்டியைத் திறந்தார். ஒயரை நோக்கிக் கை நீட்டினார்.

யாரோ மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

குளிர்ந்த கை இல்லை... கொதித்தது. ஹெல்மெட் விளக்கின் வெளிச்சத்தில் ஒரு காக்கிச் சட்டை தெரிந்தது. அதற்கு மேலே பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"தொடாதீங்கண்ணே... என்கிட்டயும் இதையேதான் சொன்னாரு."

எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. நேராக சப்ஸ்டேஷன் அறைக்கு ஓடினார். ஸ்விட்ச் போட்டது போட்டபடியே இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சூப்பர்வைசர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன்டா? என்கிட்டயா?" சித்தப்பா வாசலில் நின்றே கேட்டார்.

"புது கேபிளுக்கும் அதே ஸ்விட்ச்தான். அதை நிறுத்தினா ஆராய்ச்சிக்கூடத்து ஃப்ரீசர் எல்லாம் நின்னுடும். ஒரு நிமிஷம்கூட கரண்ட் போகாதுன்னு மேலிடத்துல வாக்குக் குடுத்துட்டேன். நீ கைதேர்ந்தவன்... எப்படியும் செஞ்சுடுவேன்னு நெனச்சேன்."

சித்தப்பா சட்டைக் கையை மடித்துக் காட்டினார். மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரல் தடம், கொப்புளம் கொப்புளமாக.

அன்றோடு அவர் வேலையை விட்டார். அந்த மனிதரின் முகத்தில் விழிக்கவில்லை. உயிர் போகப் பார்த்ததைக்கூட மறந்துவிடுவாராம். அந்தக் கையைப் பார்த்துவிட்டு சிநேகிதன் கேட்டதைத்தான் மறக்க முடியவில்லையாம். வலிக்கிறதா என்று கேட்கவில்லை. யார் பிடித்தது என்றும் கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தி...

"அவன் இன்னும் தண்ணி கேக்குறானா?"