தொத்தாத வருத்தம்

— தேத்தண்ணி ஆறிட்டுது, இஸ்ஹாக். கூடப் பிறந்த ராத்தா என்ட கையால போட்டதெண்டு குடிக்காம இருக்கியா?

— அப்பிடி இல்ல, ராத்தா. வரக்குள்ள குடிச்சிட்டுத்தான் வந்தன். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்களன்.

— திருப்பிக் கேளு. என்ட முகத்தப் பாத்துக் கேளு.

— சிபானாட கலியாணத்துக்கு நீங்க வர வேணாம். சாப்பாட்ட நானே இங்க பள்ளிவாசல்துறைக்கு, உங்கட வீட்டுக்கே கொண்டு வந்து தருவன்.

— உன்ட மகள இடுப்புல தூக்கி வளத்தது நான். அப்பவும் இந்தக் கை மரப்பட்ட மாதிரித்தான் இருந்திச்சு. உன்ட பொஞ்சாதி ஸாஜிதா படிப்பிக்கப் போகக்குள்ள என்னட்டத்தானே விட்டுட்டுப் போனா?

— மாப்பிள்ள வீட்டாக்கள் பாத்தா என்ன சொல்லுவாங்க? கைய, கழுத்த எங்க மறைக்கிற?

— ஏன் மறைக்கணும்? நான் களவெடுத்தனா? சிலாபத்து ஆஸ்பத்திரி டொக்டர் மிஸ் என்ன சொன்னாங்க தெரியுமா? இந்தத் தோல் வருத்தத்தக் குடுக்கிற வைரஸ் உன்ட தோல்லயும் இருக்கும், ஊரார்ர தோல்லயும் இருக்குமாம். மத்தவங்கட உடம்பு அத அடக்கி வெச்சிக்கும். என்ட உடம்புக்கு ஏலாது. பிறவியிலேயே உள்ள குறை. உம்மாவும் வாப்பாவும் சொந்தத்துல கலியாணம் முடிச்சதால வந்திருக்கும் எண்டாங்க. நான் தொட்டு ஆருக்கும் வராது.

— டொக்டர்ர கதையையா ஊர் கேக்கும்?

— ஊர் கேக்காட்டி நீ எடுத்துச் சொல்லு. அண்டைக்கு மையத்து எடுத்த வீட்டுல எல்லாருக்கும் பீங்கான் கோப்பை, எனக்கு மட்டும் குடிச்சிட்டு வீசுற பிளாஸ்டிக் கோப்பை. நீ பக்கத்துல இருந்து பாத்த. வாயத் தொறக்கல்ல.

— மெதுவாக் கதைங்க, ராத்தா. உங்களப் பாத்தா அவங்க சிபானாவையும் உத்துப் பாப்பாங்க.

— அவள ஏன் பாக்கணும்?

— அவட முதுகுலயும் வந்திருக்கு. நீங்க தூக்கி வளத்துத்தான் வந்ததெண்டு ஸாஜிதா ஒவ்வொரு நாளும் அழுறா.

— ஸாஜிதா ஆரு? எங்கட மாமாட மகள். நீயும் சொந்தத்துலதானே முடிச்ச? இது என்ட கையால வந்ததில்ல, இஸ்ஹாக். நம்மட ரத்தத்தோட வந்தது. இதச் சொல்ல உனக்கு வெக்கம். அதுக்குப் பழிய என்ட தலையில போடுறியா?

— மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா கலியாணம் நிண்டிரும். கெஞ்சிக் கேக்கிறன், நிக்காஹ் முடியும் மட்டும் பொறுங்க.

— போன கிழம சிபானா என்னோட சிலாபத்துக்கு வந்தா. டொக்டர் சொன்ன அவ்வளவையும் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில இருந்து மாப்பிள்ள பாயிஸும் கேட்டார். என்னக் கலியாணத்துக்கு வரச் சொன்னதும் அவர்தான்.